ஜாக் வெல்ச்சுக்குக் கிடைத்த மன்னிப்பு

2001ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் எந்த மேலாளர் அறைக்குள் போனாலும் மேசைமேல் ஒரே முகம்தான். ஏறிய நெற்றி, நேராகப் பார்க்கும் கண்கள், அடக்கி வைக்காத சிரிப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் (ஜிஇ) நிறுவனத்தை இருபது ஆண்டுகள் நடத்திவிட்டு, அந்த செப்டம்பர் 7ஆம் தேதி ஓய்வு பெற்ற ஜாக் வெல்ச்சின் சுயசரிதை அது. புத்தகம் வெளியான நாள் செப்டம்பர் 11. அன்றைக்கு அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இருந்திருக்காது. ஆனாலும் விற்றது. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணா சாலை நடைபாதையில் மங்கலாக அச்சடித்த திருட்டுப் பதிப்பும் கிடைத்தது. நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தில் புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள்.

அம்பத்தூரிலிருந்து போகவர மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் அதைப் படித்தேன். மனம் ஒட்டிக்கொண்டது. காரணம், அவர் எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பா ரயிலில் கண்டக்டர். விடிவதற்குள் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். பையனுக்குத் திக்குவாய். அதை ஒரு குறையாக அவன் நினைத்துவிடாதபடி வளர்த்தவர் அம்மா கிரேஸ். உன் மூளையின் வேகத்துக்கு உன் நாக்கால் ஓட முடியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார். வீட்டில் யாரும் கல்லூரி பார்த்ததில்லை. அந்தப் பையன் ரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, 1960இல் ஆண்டுக்கு 10,500 டாலர் சம்பளத்தில் ஜிஇயில் சேர்ந்து, 1981 ஏப்ரலில் 45 வயதில் அதன் தலைவரானார். அப்பா தொழிற்சாலைக்கும் மகள் கம்ப்யூட்டருக்கும் போய்க்கொண்டிருந்த எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லை. நாங்களே வாழ்ந்துகொண்டிருந்த கதை அது.

அன்றைக்கு அவருக்கு இருந்த மதிப்பை இன்று இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 1999இல் ஃபார்ச்சூன் பத்திரிகை அவரை நூற்றாண்டின் மேலாளர் என்று அறிவித்தது. ஹென்றி ஃபோர்டு, ஆல்ஃபிரட் ஸ்லோன் எல்லாம் வாழ்ந்த நூற்றாண்டு அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பதவிக்கு வந்தபோது ஜிஇயின் சந்தை மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர். விட்டுப்போனபோது சுமார் 40,000 கோடி டாலர். நடுவில் 2000ஆம் ஆண்டு உச்சத்தில் 50,000 கோடியையும் தாண்டியிருந்தது. வணிக மேலாண்மைப் படிப்பில் வகுப்புக்கு வகுப்பு அவர் பேச்சு. எந்தத் தொழிலாக இருந்தாலும் உலகத்தில் முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிசெய், விற்றுவிடு, அல்லது மூடிவிடு என்ற அவருடைய விதியை எங்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, கிண்டியில் நட்டு போல்ட்டு செய்கிறவர்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவுக்கு அவரால் வந்த நன்மை கொஞ்சமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1989இல் முதல்முறை இங்கே வந்தார். நம் பொறியாளர்களின் தரத்தைப் பார்த்தார், நம்பினார். 1990இல் விப்ரோவோடு கூட்டுச் சேர்ந்து மருத்துவக் கருவிகள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1997இல் ஜிஇயின் நிதிப் பிரிவு டெல்லியை அடுத்த குர்கானில் தொடங்கிய அலுவலகம்தான் பின்னால் ஜென்பேக்ட் ஆனது. வெளிநாட்டு வேலையை இங்கே உட்கார்ந்து செய்யும் ஒரு பெரிய தொழிலுக்கே அது பள்ளிக்கூடம். 2000இல் பெங்களூரு வைட்ஃபீல்டில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வர விரும்பியவர்களுக்கு, திரும்பி வர ஓர் இடம் கிடைத்தது. அதே ஆண்டு சென்னை தரமணியில் டைடல் பார்க் மென்பொருள் வளாகம் திறந்தது. அந்த அலையில்தான் எனக்கும் என் தோழிகளுக்கும் வேலை கிடைத்தது. எங்கள் வீடுகளில் கான்கிரீட் கூரை போட்டது, தம்பி தங்கையைப் படிக்க வைத்தது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

அலையோடு வந்த இன்னொன்று, ஆட்களைத் தரம் பிரிக்கும் முறை. மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மேலே இருப்பவர்களுக்கு அள்ளிக் கொடு. நடுவில் இருப்பவர்களை வளர்த்துவிடு. கீழே இருக்கும் 10 சதவீதத்தை வெளியே அனுப்பு. ஆண்டுதோறும் இதைச் செய். எங்கள் ஊரில் இதற்கு வந்து சேர்ந்த பெயர் பெல் கர்வ்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் காயில் வைண்டர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். வீட்டுக்கு வந்த எல்லாவற்றையும் படிக்கிறவர். ஆங்கிலம் அவ்வளவு வராது, அதனால் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். இந்த இருபது, எழுபது, பத்துக் கணக்கைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"ஏம்மா, பத்துப் பேர்ல கடைசி ஆளை அனுப்பிட்டா மிச்சம் ஒன்பது பேர். சரி, அந்த ஒன்பதுலயும் ஒருத்தன் கடைசியா நிப்பானே?"

"அவரையும் அடுத்த வருஷம் அனுப்புவாங்கப்பா. புதுசா நல்ல ஆளை எடுப்பாங்க."

"அப்ப யாரும் யாருக்கும் வேலை சொல்லித்தர மாட்டானே. சொல்லித்தந்தா நம்மளைத் தாண்டிப் போயிடுவான்ல?"

இந்தக் கேள்விக்கு மேலாண்மைப் புத்தகங்களில் பின்னால் நிறைய ஆராய்ச்சி வந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டதைத் தாண்டி அவை பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

வெல்ச்சின் வாழ்க்கையில் இரண்டு சம்பவங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முதலாவது 1961இல். பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில், ஜிஇயின் பிளாஸ்டிக் பிரிவில் சேர்ந்து ஓராண்டு. சம்பளத்தில் 1,000 டாலர் உயர்த்தினார்கள். அவருக்குச் சந்தோஷம். ஆனால் அதே அறையில் இருந்த மற்றவர்களுக்கும் அதே 1,000 டாலர்தான் என்று தெரிந்ததும் பொறுக்கவில்லை. நான் அவர்களைவிட நன்றாக வேலை செய்தேனே என்ற கோபம். சிகாகோ பக்கத்தில் வேறு வேலை தேடிக்கொண்டார். விடைகொடுக்கும் விருந்துகூட ஏற்பாடாகிவிட்டது. அப்போது ரூபன் கட்டாஃப் என்ற மேலதிகாரி வெல்ச்சையும் மனைவியையும் சாப்பிட அழைத்துப்போய், மணிக்கணக்கில் பேசி, சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தார். எல்லோரையும் ஒரே தராசில் வைப்பது திறமைக்குச் செய்யும் அநியாயம் என்ற வெல்ச்சின் பிடிவாதம் அங்கிருந்து தொடங்குகிறது. அவரே இதை மறைக்கவில்லை.

இரண்டாவது சம்பவம் 1963இல். அவர் பொறுப்பில் இருந்த சோதனை ஆலையில் ஓர் எளிதில் தீப்பிடிக்கும் கரைசலுக்குள் ஆக்சிஜனைச் செலுத்திப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தது. கூரை பறந்தது. மேல்மாடிக் கண்ணாடிகள் நொறுங்கின. யாருக்கும் பெரிய காயம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். மறுநாள் கார் ஓட்டிக்கொண்டு கனெக்டிகட்டில் இருந்த பெரிய அதிகாரி சார்லஸ் ரீடைப் பார்க்கப் போனார். வேலை போய்விட்டது என்ற நினைப்போடுதான் போனார். ரீட் வேதியியல் அறிஞர், எம்ஐடியில் பேராசிரியராக இருந்தவர். அவர் திட்டவில்லை. ஏன் வெடித்தது, அந்த அமைப்பை மாற்றினால் சரியாகுமா, இந்தப் பரிசோதனையைத் தொடரலாமா என்று ஒரு மாணவனிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். இப்போது தெரிந்ததே நல்லது, பெரிய ஆலை கட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பொருளில் பேசி அனுப்பினார். அந்தப் பரிசோதனையிலிருந்து வந்ததுதான் நோரில் என்ற பிளாஸ்டிக். அது கோடிகோடியாகச் சம்பாதித்தது. அதன் முதுகில் ஏறித்தான் வெல்ச் 1968இல், 32 வயதில், ஒரு முழுப் பிரிவின் பொது மேலாளரானார்.

இந்த இரண்டில் எது அவரை உருவாக்கியது என்று கேட்டால் நான் தயங்காமல் 1963ஐத்தான் சொல்வேன். கோபம் அவருடைய சொந்தச் சரக்கு. பொறுமை அவருக்கு இன்னொருவர் கொடுத்தது. கூரை பறந்த ஆண்டில், அந்த இளம் ஜாக் வெல்ச்சை ஒரு 20-70-10 பட்டியலில் வைத்திருந்தால் எங்கே வைத்திருப்பார்கள்? இடிந்த கட்டடம், வீணான பணம், நின்றுபோன வேலை. ரீடின் கேள்விகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. தன் சொந்தக் கோபத்தை வெல்ச் நிறுவனம் முழுவதற்குமான விதியாக்கினார். தனக்குக் கிடைத்த பொறுமையை நன்றியோடு ஒரு கதையாகச் சொன்னார், ஆனால் விதியாக்கவில்லை.

அப்பாவிடம் அந்த வெடிப்புக் கதையைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் ஒன்று நடந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சுற்றிய காயில் ஒன்று டெஸ்ட் பேயில் போய்விட்டது. மின்னழுத்தம் ஏற்றிக்கொண்டே போகும்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செம்புக் கம்பி, காகித உறை, அடுப்பில் காய வைத்த நேரம், ஊற்றிய எண்ணெய் எல்லாம் வீண். ஃபோர்மேன் அதை வெளியே எடுக்கச் சொல்லி, அப்பாவின் கையாலேயே ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கச் சொன்னாராம். வேறு யாரும் தொடக்கூடாது. பிரித்துக்கொண்டே போனால், ஒரு டேப்பிங் முனை வெளியே வளையும் இடத்தில் காகிதம் நகக்கண் அளவு கிழிந்து, விளிம்பு கருகியிருந்தது. மரச்சுத்தியால் தட்டி வளைக்கும்போது கம்பியின் விளிம்பு அதைக் கீறியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த வளைவில் அப்பா இரண்டு சுற்றுக் காகிதம் கூடுதலாகக் கொடுத்தார். அவரிடம் கற்ற பையன்களும் கொடுத்தார்கள். அந்த ஃபோர்மேன் பத்தாவதுகூடத் தாண்டாதவர். சார்லஸ் ரீடும் அவரும் செய்தது ஒரே காரியம்.

பிட்ஸ்ஃபீல்டிலும் டிரான்ஸ்ஃபார்மர்தான் செய்தார்கள். வில்லியம் ஸ்டான்லி என்ற முன்னோடி ஆரம்பித்த ஆலையை 1903இல் ஜிஇ வாங்கியது. ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்ட ஆலை. வெல்ச் வேலை கற்றுக்கொண்ட ஊர், குழந்தைகள் பிறந்த ஊர். அவர் தலைவரான பின் 1980களின் பிற்பகுதியில் அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பிரிவு மூடப்பட்டது. முதல் இடமும் இல்லை, இரண்டாம் இடமும் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் அந்த ஊருக்கும் ஒன்றுதான். அவரை நான் குற்றம் சொல்வது இதற்காக இல்லை. நஷ்டத்தில் ஓடும் ஆலையை ஒரு தலைவர் மூட வேண்டி வரலாம். ஆனால் அந்த எண்களைப் பார்க்க வேண்டும். 1980 இறுதியில் ஜிஇயில் 4,11,000 பேர். 1985 இறுதியில் 2,99,000 பேர். விற்கப்பட்ட பிரிவுகளோடு போனவர்கள் அதில் 37,000 பேர்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போனவர்கள். கட்டடம் நிற்கும், ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள் என்று நியூட்ரான் குண்டின் பெயரை அவருக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் வைத்தன. அந்தப் பெயர் அவரைக் காயப்படுத்தியது என்று எழுதியிருக்கிறார். நம்புகிறேன்.

எங்கள் பக்கம் அந்த விதி வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்களில் அது இல்லை. சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். மார்ச் மாதம். நார்மலைசேஷன் மீட்டிங். சுவரில் ஒரு எக்செல் தாள் விழுந்துகொண்டிருந்தது. பெயர், ஊழியர் எண், டீம் லீட் கொடுத்த ரேட்டிங், கடைசியில் ஃபைனல் என்று ஒரு காலிப் பத்தி. தாளின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம். எத்தனை பேருக்கு எந்த ரேட்டிங் போக வேண்டும் என்ற சதவீதமும், இப்போது எத்தனை போயிருக்கிறது என்பதும் அதில். பொருந்தாதவரை அந்தக் கட்டம் சிவப்பு. பொருந்தினால் பச்சை. அறையில் இருந்த அத்தனை பேரும் பெயர்களைப் பார்க்கவில்லை, அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் டீம் அந்த ஆண்டு ஒரு வங்கியின் பழைய மென்பொருளைப் புதியதற்கு மாற்றி முடித்திருந்தது. இரவுபகலாக உழைத்தார்கள். வாடிக்கையாளரே பாராட்டி மெயில் அனுப்பியிருந்தார். யாரையும் கீழே போடக் காரணம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கட்டம் சிவப்பாகவே இருந்தது. கடைசியில் ஒரு பெயரில் கர்சர் போய் நின்றது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய பெண். ஆண்டில் பாதிதான் வேலை செய்திருக்கிறாள், அதனால் தர்க்கப்படி அவள்தான் என்றார் ஒருவர். அந்தப் பாதியில் அவள் எழுதிய நிரல்தான் மொத்த வேலையின் உயிர்நாடி என்று நான் வாதாடினேன். தாள் தாளாக எடுத்துக் காட்டினேன். "நீங்க சொல்றது சரிதான் மேடம், ஆனா கர்வ் ஃபிட் ஆகலையே" என்றார் தலைமை வகித்தவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒரு தாள் இருந்தது, அதில் அவர் பெயரும் இருந்தது. மூன்று என்ற ரேட்டிங் ஒரு படி கீழே இறங்கி நான்கானது. கட்டம் பச்சையானது.

அடுத்த ஆண்டும் அவளுக்கு நான்கு வந்தது. பிஐபி என்று ஒரு திட்டத்தில் வைத்தார்கள். முன்னேறுவதற்கு வாய்ப்பு என்று அதற்குப் பெயர். அதில் வைக்கப்பட்டவர்கள் எல்லோரும் வைத்த அன்றே நௌக்ரி தளத்தில் பயோடேட்டாவைப் புதுப்பித்துவிடுவார்கள். அவள் அதையும் செய்யாமல் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டாள். நான் பார்த்த மிகச் சிறந்த நிரலாளர்களில் ஒருத்தி. பிறகு அவள் இந்தத் துறைக்கு வரவே இல்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெல்ச் இதற்குச் சொன்ன பதில் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஒருவர் தேறமாட்டார் என்று தெரிந்தும் முதுகில் தட்டிக்கொடுத்தே ஐம்பது வயதுவரை வைத்திருந்து, பிறகு நிறுவனம் தள்ளாடும்போது வெளியே அனுப்புவதுதான் பெரிய கொடுமை. இளம் வயதிலேயே உண்மையைச் சொன்னால் அவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. நம் அலுவலகங்களில் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் குறை எழுதுகிறவர்கள் கணக்கில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் 10 சதவீதத்தைத் தேடிப் பிடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. சரியாக வேலை செய்யாதவர் ஒருவர் இருந்தால் ஒருவரிடம் சொல்லலாம். ஒருவரும் இல்லாத டீமில் ஒருவரைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று விதி வந்ததும், அங்கே உண்மை வெளியேறிவிடுகிறது.

அவர் விட்டுப்போன ஜிஇக்கு என்ன ஆனது என்பதை இன்று எல்லோரும் அறிவார்கள். ஆனால் எப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் காலத்தில் காலாண்டுக்குக் காலாண்டு லாபம் சொன்னபடி சொன்ன அளவில் வந்துகொண்டிருந்தது. டர்பைனும் விமான எஞ்சினும் செய்கிற நிறுவனத்துக்கு அது எப்படி முடியும்? அவற்றின் வியாபாரம் மழைக்காலம் வெயில்காலம் மாதிரி ஏறி இறங்குவது. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்தது ஜிஇ கேப்பிட்டல் என்ற நிதிப் பிரிவு. காலாண்டு முடிவில் குறைந்தால் அங்கே ஏதாவது ஒரு சொத்தை விற்று எண்ணைப் பிடித்துவிடலாம். 2000ஆம் ஆண்டு வாக்கில் மொத்த லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்துதான். எடிசனின் பல்பில் பிறந்த நிறுவனம் ஏறக்குறைய பாதி வங்கியாகிவிட்டிருந்தது, வங்கிக்கு உள்ள கட்டுப்பாடுகள் இல்லாமல்.

2008 நெருக்கடியில் அந்தக் கடன் அடுக்கு ஆடியது. வாரன் பஃபெட்டிடம் 300 கோடி டாலர் வாங்க வேண்டி வந்தது. கடன் பத்திரங்களுக்கு அமெரிக்க அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2009இல் பங்கு ஈவைக் குறைத்தார்கள். 1938க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அதே ஆண்டு, கணக்குகளில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக வந்த குற்றச்சாட்டில் 5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அது வெல்ச்சுக்குப் பின் 2002, 2003 ஆண்டுகளின் கணக்கு. ஆனால் எண்ணைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் புதிதில்லை. 2018 ஜனவரியில் இன்னொரு பூதம் கிளம்பியது. முதியோர் பராமரிப்புக்கான பழைய காப்பீட்டுப் பொறுப்புகளுக்காக 1,500 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தார்கள். அவை பல ஆண்டுகளுக்கு முன், லாபம் போலத் தெரிந்தபோது ஏற்றுக்கொண்ட பொறுப்புகள். அந்த ஜூனில் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து ஜிஇயை எடுத்தார்கள். 1907 முதல் இடைவிடாமல் இருந்த பெயர் அது. 2020 மார்ச் 1ஆம் தேதி வெல்ச் இறந்தபோது 84 வயது. 2024 ஏப்ரலில் நிறுவனம் மூன்றாகப் பிரிந்து முடிந்தது. மருத்துவக் கருவி ஒன்று, மின்சாரம் ஒன்று, விமான எஞ்சின் ஒன்று.

அவருக்குப் பின் வந்த ஜெஃப் இம்மெல்ட்டின் பங்கும் இதில் பெரிது. உயர்ந்த விலையில் வாங்கினார், தாழ்ந்த விலையில் விற்றார். பிரான்சின் ஆல்ஸ்டாம் நிறுவனத்தின் மின் பிரிவை 2015இல் வாங்கியது அவற்றில் ஒன்று. அப்படித்தான் பல்லாவரத்தில் இருக்கும் பழைய ஆலையும் ஜிஇ பெயருக்கு வந்தது, இன்று ஜிஇ வெர்னோவா. அப்பாவின் நண்பர்கள் அதை இங்கிலிஷ் எலெக்ட்ரிக் என்றுதான் சொல்வார்கள். எத்தனை பலகை மாறினாலும் அவர்களுக்கு அது மாறவில்லை.

ஓய்வு பெறும்போது வெல்ச்சுக்குச் சேர வேண்டியதாகக் கணக்கிட்ட தொகை சுமார் 41.7 கோடி டாலர். அது தவிர நியூயார்க்கில் வீடு, நிறுவன விமானம் எல்லாம் வாழ்நாள் சலுகையாக இருந்தது 2002இல் விவாகரத்து வழக்கின்போதுதான் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு வந்ததும் அவற்றில் பெரும்பகுதியை அவரே விட்டுக்கொடுத்தார். எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. என்னை உறுத்துவது ஹட்சன் ஆறு. ஜிஇயின் இரண்டு ஆலைகள் 1977வரை முப்பது ஆண்டுகள் பிசிபி என்ற நச்சு ரசாயனத்தை அந்த ஆற்றில் விட்டன. அதிகபட்சமாக 13 லட்சம் பவுண்டு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை கணக்கிட்டது. டிரான்ஸ்ஃபார்மரிலும் கெப்பாசிட்டரிலும் ஊற்றிய எண்ணெய்தான் அது. அன்று பிசிபியைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாக இருக்கவில்லை. ஆனால் ஆற்றைத் தூர்வாரச் சொன்னபோது வெல்ச் கடைசிவரை எதிர்த்து நின்றார். பரிசோதனை வெடித்தபோது ஏன் வெடித்தது என்று கேட்ட ஒரு வேதியியல் அறிஞரின் மாணவர் போன்றவர், ரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆற்றைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம். தூர்வாரும் வேலை 2009இல் தொடங்கி 2015இல் முடிந்தது. அந்த ஆற்று மீனைச் சாப்பிடுவது பற்றிய எச்சரிக்கை இன்னும் எடுக்கப்படவில்லை.

2009இல் ஒரு பேட்டியில் வெல்ச், பங்கு மதிப்பை உயர்த்துவதையே ஒரு நிறுவனத்தின் உத்தியாக வைத்துக்கொள்வது முட்டாள்தனமான யோசனை, அது நல்ல வேலையின் விளைவாக வர வேண்டியது என்று சொன்னார். ஊழியரும் வாடிக்கையாளரும் பொருளும்தான் முக்கியம் என்றார். பலர் அவரைச் சாடினார்கள், நீங்கள்தானே இதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று. எனக்கு அந்தப் பேச்சில் பிட்ஸ்ஃபீல்டின் இளைஞர் கொஞ்சம் தெரிந்தார். அதற்குள் அவர் கற்றுக்கொடுத்த முறை அவரை விட்டு வெகுதூரம் போயிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2013இல்தான் அதைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் ஜிஇயே ஆண்டு ரேட்டிங்கை விட்டுவிட்டது. 2015 ஜனவரியில் சென்னை ஓஎம்ஆர் சாலையில் பணிநீக்கத்தை எதிர்த்து ஐடி ஊழியர்கள் தெருவில் நின்றதும், கர்ப்பிணியான ஒரு பெண் தன் பணிநீக்கத்துக்கு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியதும் நினைவிருக்கலாம். இப்போது பல நிறுவனங்கள் பெல் கர்வ் இல்லை என்று பெருமையாகச் சொல்கின்றன. மார்ச் மாதம் அந்த அறைகளுக்குள் போய்வருகிறவர்கள் சொல்வது வேறு.

நான் இப்போது சின்ன நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். போன மாதம் கிண்டியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒருவர், நூற்றைம்பது பேர் வேலை செய்யும் இடம், எங்களுக்கும் பெரிய கம்பெனி மாதிரி ஒரு அப்ரைசல் படிவம் போட்டுக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சதவீதக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. முதல் பக்கத்தில் மேற்பார்வையாளர் எழுத வேண்டிய கேள்வி: இந்த ஆண்டு உங்கள் ஆட்களிடம் பெரிதாகக் கெட்டுப்போன வேலை எது, பிரித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, யாருக்குச் சொல்லித்தந்தீர்கள்?

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி ஆள் யாருன்னு இதுல எப்படி மேடம் தெரியும்?"

"கடைசி ஆள் இருந்தா உங்க சூப்பர்வைசருக்கு ஏப்ரல் மாசமே தெரியும் சார். அவரைக் கேளுங்க."

"அவன் சொல்ல மாட்டான் மேடம். எல்லாம் அவன் ஊர்க்காரப் பசங்க" என்றார். பிறகு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வார்ப்படப் பிரிவில் போன தீபாவளிக்கு ஒரு லாட் முழுக்கக் கெட்டுப்போனதாம். அந்தப் பையனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன் என்றார்.